மூன்றாவது பாட்டில்

பொருள் விற்கிறவன் தன் பேச்சைத் தானே நம்பத் தொடங்கினால் அது குடும்பத்துக்கு ஆகாது. வாடிக்கையாளர் நம்பாவிட்டால் அன்றைக்கு ஒரு விற்பனை போகும், அவ்வளவுதான். விற்கிறவனே நம்பிவிட்டால் நஷ்டம் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, செருப்பைக் கழற்றாமல் உள்ளே நுழையும்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பெட்ரோலில் கலக்கும் மருந்து விற்கும் ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம், பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை) விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்திருந்தேன். சிம்மக்கல்லில் தொடங்கி கோரிப்பாளையம் வரை ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பாக ஏறி இறங்குவதுதான் வேலை. தோளில் ஒரு பை, அதற்குள் சாம்பிள் பாட்டில்கள். ஒரே மருந்துதான், ஆனால் இரண்டு வேலை செய்யும். பெட்ரோலின் ஆக்டேனை ஏற்றும், இன்ஜினுக்குள் படிந்த அழுக்கையும் கரைக்கும். ஆக்டேன் என்றால் என்ன என்று பயிற்சி வகுப்பில் விளக்கினார்கள். அன்று மதியம் பிரியாணி போட்டதால், விளக்கத்தின் முதல் பாதி மட்டும்தான் என் மண்டையில் தங்கியது.

ஆனால் வாய்க்குக் குறைவில்லை. "அண்ணே, ஒங்க இன்ஜின் இப்ப நடந்துக்கிட்டு இருக்கு. இத ஊத்துனா ஓடும்" என்பேன். ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் இதையே சொல்லிச் சொல்லி, முப்பத்தொன்றாவது ஆளாக நானே நின்று தலையாட்ட ஆரம்பித்துவிட்டேன். என் பைக்கில் ஊற்றிப் பார்த்தேன். வைகைப் பாலத்து இறக்கத்தில் வண்டி பறந்தது. இறக்கத்தில் எல்லா வண்டியும் பறக்கும் என்பதை எடுத்துச் சொல்ல அன்று எனக்கு யாரும் இல்லை. வீட்டு மிக்ஸி திணறினால்கூட இதில் நாலு சொட்டு விட வழி உண்டா என்று பார்க்கிற நிலைக்கு வந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் செல்வி அக்காவின் மகள் யாழினிக்குக் காதுகுத்து வைத்தார்கள். அக்கா வாழ்க்கைப்பட்டது செக்கானூரணிக்கு மேற்கே, நெல்லும் வாழையும் போடுகிற ஒரு ஊரில். காதுகுத்தும் அங்கேயே, அவர்கள் குலசாமி கோயிலில். நான் ஒரே தம்பி. ஆக, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான்தான். தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. சொந்தபந்தம் அத்தனையும் தாம்பாளத் தட்டு ஏந்தி, ஊர் எல்லையிலிருந்து ஊர்வலமாகப் போக வேண்டும். போகிற சத்தத்தை வைத்துத்தான் பொறந்த வீட்டை எடை போடுவார்கள்.

இதில் அக்காவுக்கு ஒரு தனித் துயரம் இருந்தது. போன வருடம் அவள் ஓரகத்தி மகனுக்குக் காதுகுத்து. அந்தத் தாய்மாமன் பேண்டு வாத்தியத்தோடு நாட்டியமாடும் குதிரை ஒன்றையும் கூட்டி வந்துவிட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும் குதிரையில் போய்த்தான் முடியும். அக்கா குழம்பு நன்றாக வைத்தால், அக்காவின் மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அந்தக் குதிர எம்புட்டு அழகா தலையாட்டுச்சு" என்பாராம். மழை பெய்தாலும் குதிரை, கரண்ட் போனாலும் குதிரை. நான்கு கால் உள்ள ஒரு பிராணி அக்காவை ஒரு வருடமாக மிதித்துக்கொண்டிருந்தது.

தேதி குறித்த அன்றைக்கு அக்கா போன் செய்தாள். சாதாரணமாகச் சிரித்துக்கொண்டே பேசுகிறவள், அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தம்பி, நீ என்ன நக போடுறன்னு நான் கேக்கல. நீ வாரது இந்த ஊருக்கே கேக்கணும். அம்புட்டுதான்."

அக்கா என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. செக்கானூரணி என்ன, உசிலம்பட்டி வரைக்கும் கேட்கும் என்று வாக்குக் கொடுத்தேன்.

மேளத்துக்குச் சொல்லிவிடலாம் என்றாள் அம்மா. மேளமெல்லாம் பழசு, சவுண்ட் செட் வைத்து அதிர விடுகிறேன் பார் என்றேன் நான். எங்கள் அவனியாபுரத்திலேயே சிநேகிதன் சரவணன் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தான். ஒரு லோடு ஆட்டோ, அதில் ஏற்றுகிற பெட்டிகள், அவற்றுக்குக் கரண்ட் கொடுக்க ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர். கயிற்றைச் சுண்டி இழுத்தால் உயிர் வரும் பழைய ரகம். நாலு பெட்டி வரைக்கும் தாங்கும். நான் எட்டு பெட்டி வேண்டும் என்றேன்.

அவன் தாங்காது என்றான். பெரிய ஜெனரேட்டராக வாடகைக்கு எடுத்திருந்தால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் நான் பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். கால் மணி நேரம் பேசினேன். என் தொழில் வாழ்க்கையிலேயே அதுதான் சிறந்த பேச்சு. கடைசியில் சரவணன் பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசமே வெறப்பா இருக்கு மாப்ள" என்றான். ஒரு முட்டாளுக்கு உற்ற துணை கிடைத்துவிட்டால் அப்புறம் அவனைத் தடுக்க ஆள் கிடையாது.

உற்சாகம் தாங்காமல் சரவணன் இன்னொரு காரியமும் செய்தான். ஊர்வலத்துக்கான பாட்டுகளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, எல்லாவற்றுக்கும் முதலில் தன் சொந்தக் குரலில் ஒரு அறிவிப்பைப் பதிந்துவைத்தான். கோயில் திருவிழா மைக் செட் குரல், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூன்று எதிரொலி. "இதோ... இதோ... அவனியாபுரத்தின் சிங்கம்... அக்காவின் தங்கம்... தாய்மாமன் குமரேசன்... வந்துவிட்டார்!" இது முடிந்ததும் பறை அடியோடு பாட்டு வெடித்துக் கிளம்பும். கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. (இப்போதும் அரிக்கிறது. அது வேறு அரிப்பு.)

காதுகுத்து ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் குத்தியாக வேண்டும். விடிந்ததும் எங்கள் வீட்டு வாசலில் அம்மாவும் சித்திகளும் தட்டுகளை வரிசை வைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் லோடு ஆட்டோவின் மேல் நானும் சரவணனும். ஜெனரேட்டர் டேங்க் ஒரு நடுத்தரக் குடம் அளவுகூட இருக்காது. பாட்டிலின் மேல் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ஒரு பாட்டில் ஒரு கார் டேங்க் முழுவதற்கும் என்று போட்டிருந்தது. அதை நானே நூறு பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் அக்கா காரியம் அல்லவா? ஒரு பாட்டிலை முழுதாகக் கவிழ்த்தேன். கை பொறுக்காமல் இன்னொன்றையும் கவிழ்த்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா கீழேயிருந்து, "எதையும் ரெட்டப்படையில நிப்பாட்டாதீங்கடா, சீருக்கு ஆகாது" என்றாள். அவள் சொன்னது சீர்த் தட்டுகளைப் பற்றி. இருபது தட்டு இருந்தது, இன்னொன்று சேர்க்கச் சொன்னாள். எனக்கோ கையில் இரண்டு காலி பாட்டில். சரவணன் என்னைப் பார்த்தான், நான் சரவணனைப் பார்த்தேன். நல்ல காரியத்துக்குப் போகிற ஜெனரேட்டர் ரெட்டைப்படையில் போகலாமா? மூன்றாவது பாட்டிலையும் கவிழ்த்து மூடியைத் திருகினேன். ஒன்றும் ஒற்றைப்படைதான் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

கயிற்றை இழுத்தோம். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. எட்டு பெட்டியும் முழங்கின. எதிர்வீட்டுச் சன்னல் கண்ணாடி நடுங்கியது. நாய்கள் தெருவைக் காலி செய்தன. நான் லோடு ஆட்டோவின் மேல் நின்றபடியே சித்தப்பாமார்களுக்கு ஆக்டேன் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். கார்புரேட்டருக்குள் முந்தைய நாளின் நல்ல பெட்ரோல் கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்த முழக்கம் அதனுடையது. ஊற்றிய மருந்து அதுவரை இன்ஜினுக்குள் போய்ச் சேரவே இல்லை. சோதனை முடிந்தது, போதும் என்று நிறுத்திவிட்டு, வாடகைக்குப் பிடித்த வேனில் ஏறிவிட்டோம்.

ஊர் எல்லையில், மெயின் ரோட்டு டீக்கடைக்கு முன்னால் இறங்கினோம். அங்கிருந்து கண்மாய்க் கரையோரமாக ஒரு கிலோமீட்டர் போனால் கோயில். முன்னால் லோடு ஆட்டோ, அதற்குப் பின்னால் பட்டு வேட்டி, கறுப்புக் கண்ணாடியோடு நான், எனக்குப் பின்னால் தட்டுகளோடு பெண்கள். நேரம் ஒன்பதரை. சரவணன் கயிற்றை இழுத்தான். டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "இதோ... இதோ..." என்று குரல் கிளம்பியதும் வயலில் நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

"அவனியாபுரத்தின் சிங்கம்... அக்காவின்..."

ஜெனரேட்டர் ஒரு முறை விக்கியது. குரல் அறுந்தது. அடுத்த நொடி இன்ஜின் தானாகவே உறுமிக்கொண்டு எழுந்தது, கரண்ட் திரும்பியது. கரண்ட் போய் வந்தால் பென் டிரைவ் எங்கிருந்து பாடும்? முதலிலிருந்துதான்.

"இதோ... இதோ... அவனியாபுரத்தின் சிங்கம்... அக்காவின்..."

விக்கல். உறுமல். "இதோ... இதோ..."

கம்பெனி சொன்னது அத்தனையும் உண்மை என்பதற்கு அன்றைய நாளே சாட்சி. மருந்து அழுக்கைக் கரைத்தது. சரவணன் தொழில் தொடங்கிய நாளிலிருந்து அந்த டேங்கில் படிந்திருந்த துரு, மண், பிசின் எல்லாம் மூன்று பாட்டில் வீரியத்தில் ஒரே நேரத்தில் எழுந்து புறப்பட்டு, கார்புரேட்டரின் ஊசித் துளைக்கு முன்னால் வந்து கூட்டம் கூடிவிட்டன. துளை அடைத்தால் விக்கல், கொஞ்சம் விலகினால் உறுமல். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒற்றையடிச் சந்து மாதிரி.

இப்படியே நூறு அடி நடந்தோம். சிங்கம் எத்தனை முறை வந்ததோ தெரியாது, தங்கம் ஒரு முறைகூட வரவில்லை. பாட்டு வந்தால் ஆடுவதற்கென்று கூட்டி வந்த என் சிநேகிதர்கள் ஒவ்வொரு "இதோ"வுக்கும் கையைத் தூக்கி, ஒவ்வொரு விக்கலுக்கும் கீழே போட்டார்கள். வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர் பீடியைக் கையில் எடுத்துக்கொண்டு, வெகு அமைதியாகக் கேட்டார்: "ஏப்பா, அந்தத் தாய்மாமன் எப்பத்தான் வருவாரு?"

கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

கண்மாய்க் கரைத் திருப்பத்தில் ஜெனரேட்டர் கறுப்புப் புகையைக் கக்கியது. நகப்பாலிஷ் கடையும் பெட்ரோல் பங்கும் சேர்ந்து எரிந்தது போல ஒரு நாற்றம். அதன் பிறகு சைலன்சரிலிருந்து ஒரு வெடி. டமார்! கண்மாயில் மேய்ந்த கொக்குகள் மொத்தமாகக் கிளம்பி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போய்விட்டன. இன்ஜின் நின்றது. சரவணன் பதறிப்போய் பெட்ரோல் குழாயை மூடினான்.

அந்த ஊர் வழக்கம் எனக்குத் தெரியாததில்லை. சீர் கோயில் வாசலை நெருங்கியதும் வெடி போடுவார்கள். வெடிச் சத்தம் கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்து நிற்க வேண்டும். நின்றுவிட்டால் சீரை வாங்காமல் உள்ளே போகக் கூடாது. எங்கள் சைலன்சர் போட்ட வெடியைக் கேட்டு மொத்தக் குடும்பமும் வாசலுக்கு வந்துவிட்டது. வாங்குவதற்குத்தான் சீர் இல்லை. நாங்கள் முக்கால் கிலோமீட்டர் தள்ளி ஒரு ஜெனரேட்டரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம்.

அக்கா போன் செய்தாள். "வெடிச் சத்தம் கேட்டுச்சே தம்பி, எல்லாரும் வாசல்ல நிக்கிறோம். எங்க வாரீங்க?"

"திருப்பத்துலதாங்க்கா. வந்துட்டோம்."

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அழைத்தாள். ஆரத்தியில் வைத்த கற்பூரம் எரிந்து முடிந்து இரண்டாவது கற்பூரம் ஏற்றியாயிற்றாம். மாமியார் வெயிலில் நிற்கிறாராம். பக்கத்தில் யாரோ, "குதிர வந்தப்ப இம்புட்டு நேரம் ஆகல" என்று சொன்னது எனக்கு போனிலேயே கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவள் போனை வைத்துவிட்டாள். என் அக்கா என்னிடம் ஒரே ஒரு சத்தம் கேட்டாள், நான் அவளை ஊர் முன்னால் மௌனமாக நிற்க வைத்திருக்கிறேன்.

சரவணன் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கயிற்றை இழுத்தான். மறுபடியும் கழற்றி, மாட்டி இழுத்தான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இழுத்தேன். கயிறு வந்தது, உயிர் வரவில்லை. என் பையில் இன்னொரு பாட்டில் இருப்பதை எட்டிப் பார்த்த சரவணன், இதையும் ஊற்றிப் பார்ப்போமா என்று கேட்டான். நான் வேண்டாம் என்றேன். புத்தி வந்ததால் இல்லை. நாலு ரெட்டைப்படை.

மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. என்னடா ஆச்சு என்று அம்மா கேட்டாள். பங்கில் பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தேன். நாட்டில் இன்று நேர்மை இல்லை என்பது வரைக்கும் போனேன்.

"தண்ணியெல்லாம் இல்லம்மா" என்றான் சரவணன், குனிந்த தலையை நிமிர்த்தாமல். "இவன் மருந்து ஊத்துனான். மூணு பாட்டில்."

"மூணா?"

"நீங்கதான ரெட்டப்படையில நிப்பாட்டாதன்னு சொன்னீங்க."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், என் படிப்புக்குக் கட்டிய பணம், ஊட்டி வளர்த்த சோறு எல்லாம் ஒரு வரிசையில் நடந்து போயின. சித்திகள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். அது வருத்தத்தால் என்று நான் நம்ப விரும்பினேன், தோள்கள் குலுங்கியதால் நம்ப முடியவில்லை.

சத்தம் இல்லாமல் நடந்தே போய்விடலாம் என்று ஒரு சித்தப்பா சொன்னார். அம்மா கூடாது என்றாள். தட்டு ஏந்திக்கொண்டு வாய் பேசாமல் வரிசையாகப் போனால் இழவு வீட்டுக் கேதத்துக்குப் போகிற மாதிரி இருக்கும், பச்சைப் பிள்ளை காரியத்துக்கு அப்படிப் போகலாமா? அவள் மஞ்சள் குங்குமத் தட்டை எடுத்துத் தலையில் வைத்தாள். இடக்கையால் தட்டைப் பிடித்துக்கொண்டாள், வலக்கையை வாயோரம் வைத்தாள். ஒரு குலவை விட்டாள்.

எங்கள் அம்மாவின் குலவையை நான் பொங்கலுக்குக் கேட்டிருக்கிறேன், முளைப்பாரிக்குக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு விட்டது வேறு. அதில் என் மேலிருந்த கோபம் முழுவதும் இருந்தது. அவள் மூச்சு முடியும் இடத்தில் பெரிய சித்தி எடுத்தாள், அவள் விட்ட இடத்தில் சின்ன சித்தி. பிறகு இருபத்தொரு தட்டுக்குக் கீழேயிருந்தும் சத்தம் கிளம்பியது. கண்மாய்த் தண்ணீர் அதை வாங்கி எதிர்க்கரைக்கு எறிந்தது. நாங்கள் ஆண்பிள்ளைகள் வாயைத் திறக்காமல் பின்னால் நடந்தோம். லோடு ஆட்டோ டீசல் வண்டி என்பதால் (அதில் நான் எதையும் ஊற்றவில்லை என்பதாலும்) அது மட்டும் ஒழுங்காக ஊர்ந்து வந்தது. எட்டு பெட்டியும் அதன் மேல் ஊமையாக உட்கார்ந்திருந்தன.

கோயில் கண்ணுக்குத் தெரிந்தபோது பெண்களுக்குத் தொண்டை காய்ந்து சத்தம் இறங்கத் தொடங்கியது. அப்போது எதிர்ப்பக்கம் ஒரு குலவை எழுந்தது. அக்காவின் மாமியார்! ஆரத்தித் தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, வெயிலில் சிவந்த முகத்தோடு பதில் குலவை விட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஆரம்பித்தார்கள். ஓரகத்தியும் விட்டாள். இரண்டு பக்கத்துச் சத்தமும் நடுவில் மோதிக்கொண்டபோது ஊரே கோயில் வாசலுக்கு வந்துவிட்டது. அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்க வேண்டிய கறுப்புக் கண்ணாடி பைக்குள் இருந்தது.

"அந்தக் குதிரைக்கு இப்புடி ஒரு தொண்ட ஏது" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார் மாமியார். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தக் குதிரை அக்கா மேலிருந்து காலை எடுத்தது.

இங்கேயே முடிந்திருந்தால் நான் இதைக் கண்ணீரோடு எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். ஆனால் சரவணன் ஒருவன் இருக்கிறானே. எல்லோரும் கோயிலுக்குள் போனதும் அவன் லோடு ஆட்டோவைப் புளியமர நிழலில் நிறுத்தி, ஜெனரேட்டரைப் பிரித்துவிட்டான். அவனுக்கு மனசு கேட்கவில்லை. சிநேகிதன் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு. டேங்கை முழுதாகக் கவிழ்த்து, கார்புரேட்டரை ஊதி, கோயில் வாசலில் நின்ற ஒரு பைக்கிலிருந்து வாங்கிய சுத்தமான பெட்ரோலை ஊற்றி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலை பார்த்திருக்கிறான்.

உள்ளே யாழினி மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் மடியில் இருந்தாள். பத்தரைக்கு இன்னும் சில நிமிடங்கள். ஆசாரி இரண்டு காதிலும் மையால் புள்ளி வைத்து, தள்ளி நின்று மட்டம் பார்த்துத் திருப்தியானார். வலது காது ஆயிற்று. பிள்ளை வீறிட்டாள். அக்கா அவள் கையில் வாழைப்பழத்தைக் கொடுத்துத் தேற்றினாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தேன். ஆசாரி இடது காதுமடலைப் பிடித்து ஊசியைக் கொண்டுவந்தார்.

டமார்!

சைலன்சரில் தேங்கியிருந்த மூன்று பாட்டில் மிச்சம் அத்தனையும் ஒரே வெடியாக வெளியேறியது. உட்கார்ந்த நிலையிலேயே நான் ஒரு சாண் எழும்பி இறங்கினேன். மடியில் இருந்த பிள்ளையும் எழும்பி இறங்கினாள். ஊசி மட்டும் அதன் இடத்தில் இருந்தது. அதே நொடியில், அன்று முழுக்கப் பாதியிலேயே செத்துக்கொண்டிருந்த அந்தக் குரல், எட்டு பெட்டியிலும், குலசாமியே திடுக்கிடும்படி, முதன்முறையாக முழுசாக வந்தது:

"இதோ... இதோ... அவனியாபுரத்தின் சிங்கம்... அக்காவின் தங்கம்... தாய்மாமன் குமரேசன்... வந்துவிட்டார்!"

ஆசாரி ஊசியை எடுத்துவிட்டு மைப் புள்ளியைப் பார்த்தார். புள்ளி ஓர் இடத்தில் இருந்தது, துளை ஒரு நெல் அளவு கீழே இருந்தது. "ரெண்டாவது காதுல தாய்மாமன் வந்துட்டாரு" என்று மட்டும் சொன்னார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அவள் வாழைப்பழத்தை விடாமல் பாட்டுக்குக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தூர்த்து மறுபடி குத்திக்கொள்ளலாம் என்றார்கள். அக்கா முடியாது என்றுவிட்டாள். மற்ற சீரெல்லாம் பெட்டிக்குள் கிடக்கிறது, இது ஒன்றுதான் எப்போதும் பிள்ளை மேலேயே இருக்கும் சீர் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பு அந்த ஊருக்கே கேட்டது.

அந்த மாதமே மருந்து விற்கிற வேலையை விட்டேன். இப்போது சோலார் பேனல் விற்கிறேன். அதற்குள் எதையும் ஊற்ற முடியாது என்பதுதான் அந்தப் பொருளின் முக்கியமான சிறப்பு. சரவணன் பெரிய ஜெனரேட்டர் வாங்கிவிட்டான், அது இருக்கும் பக்கம் என்னை விடுவதில்லை. வீட்டில் நான் குளித்துவிட்டு வரத் தாமதமானால்கூட யாராவது ஒருவர் "இதோ... இதோ..." என்று ஆரம்பித்து, "அக்காவின்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். குடும்பப் போட்டோ எடுக்கும்போது யாழினியின் தோடுகள் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும் என்று அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வாள். அவள் ஒருத்தி மட்டும் சாய்ந்திருந்தால் நன்றாக இல்லை என்று இப்போது எல்லோருமே சாய்ந்துகொள்கிறோம். எங்கள் வீட்டு ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் போட்டோக்காரரைத்தான் திட்டுகிறார்கள்.

யாழினி இப்போது மூன்றாவது படிக்கிறாள். போன மாதம் அவள் தம்பிக்குக் காதுகுத்து, அதே கோயில், அதே ஆசாரி. வழக்கமாகப் பிள்ளை அசையாமல் இருக்க இரண்டு பேர் பிள்ளையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆசாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குப் பதில் என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மச்சான் ஒரு தோளையும் அவர் தம்பி இன்னொரு தோளையும் அமுக்கிக்கொள்ள, யாழினி என் கால் மேல் ஏறி உட்கார்ந்தாள். கோயிலைச் சுற்றி எங்கேயும் ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. இரண்டு துளையும் கோடு போட்ட மாதிரி ஒரே மட்டத்தில் அமைந்தன. எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

யாழினி மட்டும் தம்பியின் காதுகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அக்காவிடம் போனாள்.

"பாவம்மா தம்பி. அவனுக்கு மாமா ஒண்ணுமே செய்யல, ரெண்டும் சும்மா ஒரே மாதிரி இருக்கு."